நிழற்படத்தின் மேல் வர்ணம்

அம்மம்மாவும் அம்மப்பாவும் சேர்ந்து இருக்கும் படம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. எட்டுக்குப் பத்து அங்குலம், கறுப்பு வெள்ளை. பின்பக்கத்தில் யாழ்ப்பாணப் பட்டணத்து ஸ்ரூடியோ ஒன்றின் முத்திரை. அதில் வருடம் இருந்த இடம் மட்டும் அழிந்து போயிருக்கிறது. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்த இரவில், சுன்னாகத்து வீட்டுச் சுவரிலிருந்து அம்மா கழற்றிய மூன்று பொருள்களில் இதுவும் ஒன்று. சட்டத்தோடு சேர்த்துப் பொலித்தீன் பைக்குள் போட்டு, அதை அரிசிப் பைக்குள் வைத்து, நாவற்குழிப் பாலத்தை மழையில் கடந்தார். பை ஓட்டை. படம் நனைந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது.

ஒட்டிக்கொண்ட படத்தை இழுக்கக் கூடாது என்பதை அம்மாவுக்கு அப்போது சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. பிற்பாடு ரொறன்ரோவில் புதுச் சட்டம் போடுவதற்காக இழுத்தார். அம்மப்பாவின் தாடையும் இடது தோளும் கண்ணாடியிலேயே நின்றுவிட்டன. (இதை வாசிக்கும் உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு படம் இருந்தால், கண்ணாடியோடேயே ஸ்கான் செய்யுங்கள். பிரிக்க முயலாதீர்கள்.) ஆனால் அம்மா அந்தக் கண்ணாடித் துண்டை எறியவில்லை. பழைய தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் சுற்றி, கடவுச்சீட்டுகள் இருக்கும் இலாச்சிக்குள் வைத்திருந்தார்.

போன வருடம் என்னிடம் இரண்டையும் தந்தார். "இதை ஒருக்கா வடிவாக் கலரில செய்து தா. கொம்பியூட்டர் கலர் வேண்டாம். கையால கீறு."

வேலை நாள்களில் நான் அச்சகமொன்றில் பெரிய இங்க்ஜெற் இயந்திரங்களோடு நிற்பவன். வார இறுதிகளில் தூரிகை பிடிப்பவன். இரண்டையும் இணைக்கும் வேலை என்று அப்போது நினைத்தேன். அந்த இணைப்புக்குக் கிட்டத்தட்ட நிழற்படக்கலையின் வயதே இருக்கிறது என்பது தேடிப் படித்தபோதுதான் பிடிபட்டது.

1839இல் டாகரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது எல்லோரும் வியந்தார்கள். வியந்த வேகத்திலேயே குறையும் சொன்னார்கள்: நிறம் எங்கே? சுவிற்சலாந்தின் சென் கேலன் நகரத்தில் யோஹான் ஈசன்ரிங் என்ற ஓவியர் 1840களின் தொடக்கத்திலேயே அரபுப் பிசின் கலந்த வர்ணத் தூளை வெள்ளித் தகட்டின் மேல் தூவிப் பார்த்தார். லண்டனில் 1841இல் முதலாவது பொதுமக்கள் நிழற்பட நிலையத்தைத் திறந்த றிச்சர்ட் பியர்ட், அடுத்த வருடமே வர்ணம் தீட்டும் முறைக்குக் காப்புரிமை எடுத்துக்கொண்டார். அதாவது வெறும் கறுப்பு வெள்ளைப் படம் தனியே கடைக்கு வந்து ஒரு வருடம்கூட நிற்கவில்லை, தூரிகை பின்னாலேயே வந்துவிட்டது.

தூரிகையைப் பிடித்தவர்கள் யார்? தந்தத் துண்டில் சின்னஞ்சிறு முகங்களை வரைந்து பிழைத்த ஓவியர்கள். கமரா அவர்களுடைய வாடிக்கையாளர்களைச் சில வருடங்களுக்குள் எடுத்துக்கொண்டது. பலர் தங்களை வீழ்த்திய ஸ்ரூடியோவின் பின்னறையிலேயே கூலிக்கு அமர்ந்து, கன்னத்துக்கு ரோஜாவும் சங்கிலிக்குப் பொன்னும் பூசினார்கள். அச்சுத் தொழிலில் இருபது வருடமாக ஒவ்வொரு புது இயந்திரமும் ஒரு மேசையைக் காலியாக்குவதைப் பார்த்தவன் நான். அந்தப் பின்னறையை என்னால் நன்றாகவே கற்பனை செய்ய முடிகிறது.

நான் செய்யும் வேலைக்கு நேரடி மூதாதை என்று ஒருவரைச் சொல்வதானால் அது டேவிட் வூட்வார்ட்தான். அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரத்து ஓவியர். 1857இல் அவர் காப்புரிமை பெற்ற சூரியப் பெருப்பிப்பான், வெயிலைக் கண்ணாடி வில்லையால் கூட்டி, சிறிய நெகற்றிவ் ஒன்றை ஆள் உயரத்துக்குத் தாளிலோ கன்வஸிலோ விழுத்தியது. சூரியன் நகர நகர இயந்திரத்தையும் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். விழுந்த உருவம் வெளிறித்தான் இருக்கும். அது பரவாயில்லை, ஏனென்றால் அதன் மேல் எண்ணெய் வர்ணம் ஏறப்போகிறது. வெளிறிய அச்சு, மேலே கை. நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகு நாங்கள் செய்வதும் அதையேதான். சூரியன் மட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டது.

யப்பானில் இது ஒரு பெரிய வியாபாரமாகவே ஆனது. 1863இல் யொகொஹாமாவுக்கு வந்த ஃபெலிச்சே பியாற்றோ, உள்ளூர் ஓவியர்களை வைத்து அல்புமின் படங்களுக்கு நீர்வர்ணம் பூசுவித்தார். அவரிடம் வேலை செய்த குசகபே கிம்பேய் பின்னர் சொந்தமாக ஸ்ரூடியோ நடத்தினார். கப்பலில் வந்த ஐரோப்பியர் வாங்கிப் போன அந்த அல்பங்களில் கிமோனோக்கள் பளிச்சென்று இருக்கின்றன. எந்தக் கிமோனோ உண்மையில் எந்த நிறம் என்பது பூசியவருக்கு அவ்வளவு முக்கியமான கேள்வியாக இருந்திருக்காது. வாங்கியவருக்கும்தான்.

இந்தியாவில் கை இன்னும் துணிந்தது. ராஜஸ்தானிலும் அதைச் சுற்றியும் அரசவை ஓவியர்கள் நிழற்படத்தை ஒரு அடிக்கோடாக மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பின்புலத்தை முழுதாக மூடினார்கள், கம்பளத்தை நேரே நிமிர்த்தினார்கள், நிழல்களை அழித்தார்கள். நாத்துவாராவில் ஸ்ரீநாத்ஜிக்கு முன்னால் பக்தர் நிற்கும் ஓவியங்களில் முகம் மட்டும் நிழற்படமாகவும் மற்றதெல்லாம் தூரிகையாகவும் இருப்பதுண்டு. ஜூடித் குட்மன் 1982இல் வெளியிட்ட நூலில், இது கமராவைச் சரியாகப் பயன்படுத்தத் தெரியாததால் வந்ததல்ல, பார்க்கும் முறையே வேறு என்று வாதிட்டார். அந்த வாதத்தை மிகைப்படுத்தல் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அது பாதி சரியென்று படுகிறது. மீதிப் பாதி, வாடிக்கையாளர் பளபளப்பைக் கேட்டார், ஓவியர் கொடுத்தார் என்பதாக இருக்கலாம்.

தமிழ்நாட்டின் முதல் பெரும் நிழற்படத் தொகுதியிலும் கைவேலை இருக்கிறது என்பது எனக்குப் புதுச் செய்தி. சென்னை மாகாண அரசின் அதிகாரபூர்வ நிழற்படக்காரராக இருந்த கப்டன் லினேயஸ் ட்ரைப் 1857-58இல் சிறீரங்கம், மதுரை, தஞ்சாவூர் என்று மாட்டுவண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு திரிந்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக ஆக்கியவர். அவர் பயன்படுத்தியது மெழுகு ஊட்டிய தாள் நெகற்றிவ். நீல ஒளிதான் அதில் அதிகம் பதியும். ஆகவே வானம் வெறும் வெண்மையாகப் போய்விடும். ட்ரைப் நெகற்றிவின் மேலேயே வர்ணத்தைத் தொட்டு மேகங்களை வரைந்தார், மர இலைகளையும் திருத்தினார். கல்வெட்டு எழுத்துகளுக்காக இன்றும் ஆய்வாளர் போற்றும் அந்த மனிதரின் வானத்தில் மிதப்பவை தூரிகை மேகங்கள். செலவு அதிகம் என்று அரசு அவருடைய வேலையைச் சில வருடங்களில் நிறுத்திவிட்டது.

பிறகு ஊருக்கு ஊர் ஸ்ரூடியோக்கள் வந்தன. அவற்றில் 'டச்சிங்' என்பது தனித் தொழில். நன்றாகச் சீவிய பென்சிலால் நெகற்றிவில் முகத்தின் மேடுபள்ளத்தை நிரப்புவது, அச்சுப்படியில் கண்ணுக்கு ஒளிப்புள்ளி வைப்பது, வராத நகையை வரவைப்பது, இறந்தவரின் மூடிய கண்ணைத் திறப்பது, வேறு வேறு இடத்தில் எடுத்த இருவரை ஒரே வாங்கில் இருத்துவது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் பிரித்தானிய நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்கள் திட்டமும் சேர்ந்து தமிழ்நாட்டுப் பழைய ஸ்ரூடியோப் படங்களை எண்மப்படுத்தியிருக்கின்றன. அதைப் பார்த்துக்கொண்டு இருந்தால் ஒரு மாலை போய்விடும். எங்கள் பக்கத்து ஸ்ரூடியோக்களின் நெகற்றிவ் பெட்டிகளுக்கு அப்படி ஒரு கதி கிடைக்கவில்லை. ஷெல் விழுந்த கட்டடங்களில் கண்ணாடித் தகடுகளை யார் தேடுவார்கள்?

இனி என் மேசைக்கு வருகிறேன்.

அங்குலத்துக்கு 1200 புள்ளி வீதம் ஸ்கான் செய்தேன். முதல் வேலை கறையை எடுப்பது. நிறப் படமாக ஸ்கான் செய்தால் அது சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அடுக்காகக் கணினியில் இருக்கும். மஞ்சள் கறை நீல அடுக்கில் மைபோல் கறுத்துத் தெரியும். சிவப்பு அடுக்கில் அநேகமாக மறைந்துவிடும். ஆகவே சிவப்பு அடுக்கை மட்டும் எடுத்தால் அறுபது வருட மஞ்சளும் மழையும் ஒரே அழுத்தலில் போய்விடுகின்றன. கண்ணாடித் துண்டையும் தனியே ஸ்கான் செய்து, அம்மப்பாவின் தாடையை அதன் இடத்தில் பொருத்தினேன். அம்மா பின்னால் நின்று பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார்.

தானாக நிறமூட்டும் மென்பொருள் ஒன்றிலும் ஆசைக்குப் போட்டுப் பார்த்தேன். அம்மம்மாவுக்கு இளஞ்சிவப்புத் தோலும் மண்ணிறச் சேலையும் வந்தன. அம்மா கையால் கேட்டதன் நியாயம் விளங்கியது.

அப்படியானால் சேலை என்ன நிறம்? அம்மா நீலம் என்றார். பாரிசில் இருக்கும் சின்னம்மா, "ஆர் சொன்னது? பச்சை. எனக்கு நல்ல ஞாபகம். கிளிப்பச்சை" என்றார். அம்மப்பா 1956இல் செத்தபோது அம்மாவுக்கு நாலு வயது, சின்னம்மாவுக்கு இரண்டு. அந்த ஞாபகங்களை எவ்வளவு நம்பலாம் என்று நான் கேட்கவில்லை. கேட்டு இரண்டு வீட்டிலும் சாப்பாடு இல்லாமல் போவதை நான் விரும்பவில்லை.

சாட்சிகள் முரண்பட்டதால் பௌதிகத்திடம் போனேன். ஆரம்பகால நிழற்படப் பூச்சுகள் நீலத்தை மட்டும்தான் நன்றாகக் கண்டன. 1873இல் ஜேர்மனியரான ஹேர்மன் ஃபோகல் சாயம் சேர்த்துப் பச்சையையும் காணவைத்தார். அந்த வழியில் வந்த ஓர்த்தோகுரோமற்றிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு அதில் கறுப்பாகவே விழும். எல்லா நிறத்தையும் காணும் பூச்சு 1906இலேயே கடைக்கு வந்துவிட்டாலும், சிவப்பு விளக்கின் கீழ் கண்ணால் பார்த்துப் பார்த்துக் கழுவலாம் என்பதால் உருவப்பட ஸ்ரூடியோக்களில் பழைய வகை நீண்டகாலம் புழங்கியது. எங்களுடைய மண்ணிறத் தோல் அந்தப் பிலிமில் உள்ளதைவிடக் கறுத்து விழும் என்பதையும், அதைச் சரிக்கட்டத்தான் பவுடரும் டச்சிங் பென்சிலும் அப்படி ஓடின என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். பழைய அல்பங்களில் மாமிமார் சுண்ணாம்பு பூசியதுபோல இருப்பதற்கு ஒரு காரணம் இது.

என் படத்தில் அம்மம்மாவின் பொட்டு தலைமயிர் அளவுக்குக் கறுப்பு. குங்குமம் சிவப்பு, அது கறுப்பாக விழுந்திருக்கிறது, ஆகவே பிலிம் சிவப்பைக் காணாத வகை. சேலையோ மிகவும் வெளிறிய சாம்பல். ஆகவே அது சிவப்பல்ல. கிளிப்பச்சை இவ்வளவு வெளிறாது. நீலம் வெளிறும். அம்மா வென்றார். பொட்டையே அளவுகோலாக வைத்துக் கண்டுபிடித்த என் கெட்டித்தனத்தை ஒரு வாரம் எல்லோருக்கும் தொலைபேசியில் விளக்கினேன்.

லண்டனில் பெரியம்மாவுக்கும் விளக்கினேன். எண்பதைத் தாண்டியவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "அது வெள்ளைச் சீலை, மோனை" என்றார்.

"வெள்ளையோ?"

"ஐயா செத்து ரெண்டு வருசத்துக்குப் பிறகு எடுத்த படம். நான்தான் அம்மாவோட ஸ்ரூடியோவுக்குப் போனனான். ஐயான்ர படம் பள்ளிக்கூடத்து வாத்திமார் எல்லாரும் இருந்த குறூப் போட்டோவில இருந்து எடுத்தது. ரெண்டையும் அவங்கள் ஒட்டினவங்கள்."

"அப்ப பொட்டு?"

"அதுவும் அவங்கள் வைச்சதுதான். அம்மா வேண்டாம் எண்டவ. பிறகு, சரி, பிள்ளையளுக்காக வையுங்கோ எண்டு சொன்னவ. கொண்டு வந்து முன் விறாந்தையில கொழுவேல்லை. அறைக்குள்ளதான் கிடந்தது."

கோப்பைத் திரும்பத் திறந்தேன். இப்போது எல்லாம் தெரிந்தது. அம்மம்மாவின் மூக்கு நிழல் வலப்பக்கம் விழுகிறது, அம்மப்பாவுடையது இடப்பக்கம். பெருப்பித்ததால் அவர் முகத்தில் வெள்ளிமணிகள் பருத்திருக்கின்றன. அவர் முகத்தில் இல்லை அந்தப் பருமன். பொட்டை ஆகக் கிட்டப் போய்ப் பார்த்தால் அதற்குள் மணியே இல்லை, ஒரே சீரான மை. சேலைக் கரையும் அதே மையில் இழுத்த கோடு. இருவருக்கும் நடுவே ஒரு மங்கல் பட்டை ஓடியிருந்தது. அதை நான் பூஞ்சணம் என்று நினைத்து முதல் வாரத்திலேயே துடைத்துவிட்டேன். ஸ்ரூடியோக்காரர் பொருத்தை மறைக்கத் தொட்டுத் தொட்டு வைத்த வர்ணம் அது. நல்லகாலம், துடைக்காத முதல் கோப்பு பத்திரமாக இருந்தது.

என் அளவுகோலே ஒரு தூரிகைத் துளி. அதை வைத்துத்தான் பிலிமின் வகையையும் சேலையின் நிறத்தையும் தீர்ப்புச் சொன்னேன்.

ரசல் கேர்ஷ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1957இல் முதன்முதலாகக் கணினிக்குள் ஒரு நிழற்படத்தை ஏற்றினார். பக்கத்துக்கு 176 புள்ளிகள். அந்தப் படம் அவருடைய மூன்று மாத மகனுடையது. யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோவில் யாரோ அம்மப்பாவை வெட்டி எடுத்து அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருத்தியதும் அடுத்த வருடம்தான். அதன் பிறகு 1990இல் போட்டோஷொப் வந்தது. 1991இல் பாடகர் கிரஹாம் நாஷ், அச்சகங்கள் மாதிரிப்படி எடுக்கப் பயன்படுத்திய 1,26,000 டொலர் ஐரிஸ் இயந்திரமொன்றைக் கலிபோர்னியாவில் கலை அச்சுக்குத் திருப்பினார். அது இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் மை ஒரு சொட்டுத் தண்ணீருக்குக் கரையும்; மேலே தூரிகை வைக்க முடியாது. 2000ஐ ஒட்டி நிறமித் தூள் மைகள் வந்த பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கு வழி திறந்தது.

கெர்ஹார்ட் றிக்ரர் 1965இல் தன் குடும்பப் படமொன்றைப் பார்த்து மரியான் சித்தியை வரைந்தார்: மடியில் கைக்குழந்தையாக அவரே. சித்தி நாஜிகளின் 'கருணைக்கொலை'த் திட்டத்தில் கொல்லப்பட்டவர். வர்ணம் காயமுன் அவர் அதை இழுத்து மங்கலாக்கினார். எங்களவரான த. சனாதனன் 2011இல் கொண்டுவந்த 'த இன்கம்ப்ளீட் தோம்பு' நூலில், இடம்பெயர்ந்தவர்கள் நினைவிலிருந்து கீறிய வீட்டுப் படங்கள் இருக்கின்றன. அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு பல இரவு இருந்தேன். பிழையான அளவுகளோடு கிடக்கும் கிணறுகளை ஒருவரும் திருத்தவில்லை.

அம்மாவிடம் சொல்லப் பயமாக இருந்தது. சொன்னேன். கொஞ்ச நேரம் கண்ணாடித் துண்டைத் தடவிக்கொண்டு இருந்தார். "எனக்குத் தெரிஞ்ச அம்மான்ர பொட்டு அந்தப் படத்தில இருக்கிறது மட்டும்தான்" என்றார். பிறகு, "வெள்ளைச் சீலையெண்டாலும் நீலம் போட்டுத்தான் தோய்க்கிறவ. கிணத்தடியில வாளி முழுக்க நீலமா இருக்கும்" என்றார்.

பருத்தித் தாளில் உருவத்தை வழக்கத்தின் பாதி அழுத்தத்துக்குக் குறைத்து வெளிற அச்சிட்டேன். இரண்டு நாள் காயவிட்டு, தண்ணீர் இறங்காதபடி அக்ரிலிக் மேற்பூச்சை மூன்று தடவை விசிறினேன். அதன் மேல் எண்ணெய் வர்ணத்தை மிக மெல்லியதாகத் தொட்டு, பழைய டச்சிங்காரர் செய்தபடி பஞ்சால் தேய்த்தேன். முகத்துக்கு மண்ணிறமும் கொஞ்சம் மஞ்சளும். கண்ணின் கீழ் பச்சை ஒரு சாயல். அம்மப்பாவின் கோட்டைச் சாம்பலாகவே விட்டேன். சேலைக்கு வெள்ளை, மடிப்புகளின் பள்ளத்தில் மட்டும் நீலம், துணி தோய்க்கும் அந்த நீலத்தின் அளவு. இருவருக்கும் நடுவிலிருந்த மங்கல் பட்டையைத் திரும்பக் கொண்டுவந்தேன். பொட்டுக்குச் சிவப்பு வைக்க மூன்று நாள் முயன்றேன். கடைசியில் அதைத் தொடவில்லை. அச்சில் விழுந்த கறுப்பாகவே இருக்கிறது.

அம்மா அதை வரவேற்பறையில் மாட்டவில்லை. தன் அறைக்குள், கட்டிலில் கிடந்தால் தெரியும் இடத்தில் கொழுவியிருக்கிறார். சின்னம்மா ஓகஸ்டில் பாரிசிலிருந்து வருகிறார். பெரியம்மா சொன்னதை அவர் இன்னும் ஏற்கவில்லை. அவருக்கென்று வெளிறிய அச்சுப்படி ஒன்றைக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன், கிளிப்பச்சைக் குழாய் ஒன்றும் வாங்கியிருக்கிறேன்.